கூடம் கோணல்

எல்கோய்பாரில் ஏழு நாளாகத் தூறல்.
டெபா ஆற்றுக்கு மேலே, தகரக் கூரை முணுமுணுக்கும் பட்டறையில்
மேசைமேல் மூன்று எண்ட் மில்.
மூன்றும் பன்னிரண்டு மில்லிமீட்டர்,
மூன்றுக்கும் நான்கு பல்.

கோபால்ட் கலந்தது பதினான்கு யூரோ.
மழுங்கினால் எய்பாருக்கு அனுப்பித் தீட்டிக்கொள்ளலாம்.
பேர் தெரியாத கார்பைடு பத்தொன்பது;
அதன் பெட்டியில் அச்செழுத்தே சற்றுச் சாய்ந்திருக்கும்.
மூன்றாவது அறுபத்தொன்று.
கத்தரிப்பூ நிறப் பூச்சு.
பில்பாவோவிலிருந்து வந்த கார்மெலோ அதைத் திறந்து காட்டியது
நிச்சயதார்த்த மோதிரம் காட்டுகிற மாதிரி.

மைல்ட் ஸ்டீல்தானே, என்றான் ஷபாத்.
எதைப் போட்டாலும் வெட்டும்.

வெட்டும்தான்.
கடைசிச் சீவலில், கால் மில்லிகூட இல்லாத அந்தத் தோலை உரிக்கையில்தான்
இந்தச் சாது எஃகு தன் குணத்தைக் காட்டும்.
பாகு பதம் தப்பினதுபோல் பல்லில் அப்பிக்கொள்ளும்.
அப்பியது பிய்ந்து வந்து
பளபளத்த சுவரில் தழும்பு கீறிவிட்டுப் போகும்.

நானூறு தகடு, காஸ்தேய்ஸ்காரர்களுக்கு.
பிஸ்கட் பொட்டலம் கட்டும் யந்திரத்துக்குப் பக்கச் சுவர்.
நகத்தை ஓட்டினால் தடுக்கக் கூடாது.
ஒப்பந்தத்தில் இருப்பது அவ்வளவுதான்; மீதி என் தலைவலி.

கணக்கு நோட்டு என்னுடையது.
கோபால்ட் வேகம் தாங்காது, கால் பங்குக்கு இறக்க வேண்டும்.
தகட்டுக்கு மூன்று நிமிடம் கூடுதல்,
யந்திரத்தின் நிமிடம் எண்பது சென்ட்.
மலிவு என்று வாங்கியது
தகட்டுக்கு இரண்டு யூரோ நாற்பது தின்றது.
அதை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன்.

கத்தரிப்பூ எழுபத்து நாலாவது தகட்டில் பல் உடைந்தது.
தகட்டுக்கு எண்பத்திரண்டு சென்ட்.
பேரில்லாதது இருபத்தாறில் மழுங்கியது.
எழுபத்து மூன்று.
ஒன்பது சென்ட் வித்தியாசத்துக்காக
மதியச் சாப்பாடு வரை சண்டை போட்டோம்,
மீன் ஆறிப்போனது.

'ஓய்ஹானா, தரத்துக்கு நீ காசு பார்க்கிறாய்.'
'ஷபாத், காசுக்கு நீ பெட்டியைப் பார்க்கிறாய்.'

பேரில்லாதவற்றில் நான்கு குப்பைத் தொட்டிக்குப் போனபின்
ஐந்தாவதை மாட்டும்போது,
ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்,
அந்த வசை என் நாக்கு நுனிவரை வந்தது.
வந்தது நின்றது.
கூடத்தை யார் பார்த்தது?

டயலை வைத்தேன்.
ஸ்பிண்டிலைக் கையால் சுற்றினேன், மெதுவாக,
குழந்தை தூங்கும் அறைக் கதவைத் திறப்பதுபோல.
முள் நகர்ந்தது.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு கோடு.
நாற்பது மைக்ரான்.

கோலட்.
ஒன்பது வருஷமாக மாற்றாத, உள்வாய் தேய்ந்த கோலட்.
நான்கு பல்லில் ஒன்றுதான் உழைத்திருக்கிறது;
மற்ற மூன்றும் சும்மா உடன் சுற்றியிருக்கின்றன,
கல்யாண வீட்டில் சில சித்தப்பாக்கள்போல.

ஆடியவள் சரி.
கூடம்தான் கோணல்.

புதுக் கோலட் இருபத்து மூன்று யூரோ.
முள் அரைக் கோடுகூட அசையவில்லை.
பத்தொன்பது யூரோ எண்ட் மில் அன்று
மூவாயிரத்து இருநூறு சுற்றில், சுத்தக் காற்றடியில்,
சுருள் சுருளாக வைக்கோல் நிறத்தில் உதிர்த்துக்கொண்டே போனது.
நூற்றுப் பதினெட்டுத் தகடு.
பதினாறு சென்ட்.
நோட்டில் எழுதிவிட்டு இரண்டுமுறை வகுத்துப் பார்த்தேன்.

கத்தரிப்பூவைப் புதுக் கோலட்டில் ஓட்டிப் பார்க்கவில்லை.
ஒருவேளை அது முந்நூறு போயிருக்கலாம்.
கார்மெலோ அடுத்த வாரம் வருகிறார்,
அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று
இன்னும் முடிவு செய்யவில்லை.

ஷபாத் ஒன்றும் சொல்லவில்லை.
தொட்டியைக் கவிழ்த்துத் துழாவி
பழைய நான்கையும் எடுத்தான்.
பூதக்கண்ணாடி வழியே திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
ஒவ்வொன்றிலும் ஒரு பல் செத்திருந்தது.
மூன்று பல் புத்தம் புதிதாக,
இதுவரை யாரும் கூப்பிடாத பெயர்களைப்போல
விளக்கடியில் மின்னிக்கொண்டிருந்தன.