ஒரு கரண்டி மாயா

எங்கள் பேச்சில் அதற்கு மாயா என்று பேர்.
மாயம் ஏதும் இல்லை அதில்.
பாலில் விட்டால் உறை,
மாவில் பிசைந்தால் புளிப்பு,
ஆளைச் சொன்னால்
கூடவே பிறந்தது,
தேய்த்துக் கழுவினாலும் போகாதது.

'தாராளம் அவன் மாயாவிலேயே இருக்கிறது' என்று
ஒரு கல்யாண வீட்டில் கேட்டிருக்கிறேன்.
மற்றபடி அந்தச் சொல் வெளியே வருவது
பாகப் பிரிவினையில், வேலித் தகராறில்,
பெண் வீட்டார் எழுந்து போன சாயங்காலத்தில்:
'மாயா கெட்டவன்.'
மேல்முறையீடு கிடையாது.

கார்ஸ் ஊரில் பனி முழங்காலைத் தொட்ட மாதம்
இல்காஸை அழைத்துவந்தேன்.
ஏழு வயது. விடுதிப் படிவத்தில்
தடுப்பூசி ஐந்து, காலணி அளவு முப்பது,
தாய் தகப்பன் இடத்தில் ஒரு கோடு.
என் பால் வண்டியில் முன்னால் உட்கார்ந்து
கண்ணாடியில் மூச்சு விட்டுத் துடைத்து
மறுபடி மூச்சு விட்டு
வழி முழுக்க அதே வேலையாக வந்தான்.

மூன்றாம் வாரம்
முஸெய்யனின் வாத்துக் கூண்டைத் திறந்துவிட்டான்.
ஒன்பதில் ஆறு திரும்பின.
அவள் கத்தவில்லை.
வேலிக்கு அந்தப் பக்கம் நின்று
மெல்ல, இரக்கத்தோடு சொன்னாள்:
'நீ என்ன செய்வாய் நாஸிரே,
மாயா யாருடையதோ.'

அவன் காதில் விழுந்தது.

அன்றிரவு குளிர்பெட்டி வெளிச்சத்தில்
வெறுங்காலோடு நின்றிருந்தான்.
நாளைய பாலுக்கு எடுத்துவைத்த தயிரை
வழித்துத் தின்று முடித்து
கரண்டியை நக்கிக்கொண்டிருந்தான்.
'உள்ளே போயிற்று' என்றான்.
'காலையில் சரியாகிவிடுமா?'

எனக்குப் பதில் வரவில்லை.
தயிர் மீசையைத் துடைத்துவிட்டேன்.

மறுநாள் பால் காய்ந்து
விரல் பொறுக்கும் சூட்டில்
உறை இல்லாமல் நின்றது.
கிண்ணத்தை அவன் கையில் கொடுத்தேன்.
வேலியைச் சுற்றிப் போனால் இருபது அடி.
ஜன்னலில் நின்று பார்த்தேன்.
முஸெய்யன் கதவைப் பாதி திறந்தாள்,
கிண்ணத்தைப் பார்த்தாள்,
பிறகு முழுதும் திறந்தாள்.
ஒரு கரண்டி போட்டவள்
என்ன நினைத்தாளோ, இன்னும் அரைக் கரண்டி.

அவள் உறையும் அவளுடையதில்லை.
போன இலையுதிர்காலத்தில் என்னிடம் வாங்கியது.
நான் ரொட்டிக்கடைக்காரனிடம்,
அவன் யாரிடமோ.

கம்பளி சுற்றி அடுப்பருகே வைத்தோம்.
அசைக்காதே என்று சொல்லியும்
நாலு தரம் திறந்து பார்த்தான்.
சரியாக உறையவில்லை.
உப்புப் போட்டுக் கலக்கிக் குடித்தோம்,
அவன் இரண்டு டம்ளர்.
வெளியே ஆறு வாத்துகளும்
வேலிக்கு மேல் கழுத்தை நீட்டிக் கத்தின.