புள்ளிக்குப் பின்னால் ஒரு கட்டம்

காட்பாடியில், சித்தூர் பஸ் ஸ்டாண்டு எதிரே
என் ஜெராக்ஸ் கடை.
ரிசல்ட் வந்த நாளில்
இரவு பதினொன்றுக்கும் ஷட்டர் இறங்காது.

ஓ என்றால் பத்து, ஏ ப்ளஸ் ஒன்பது, ஏ எட்டு,
பி ப்ளஸ் ஏழு, பி ஆறு, சி ஐந்து.
பி.காம். இரண்டாம் வருடத்தோடு நின்ற எனக்கு
பிள்ளைகள் சொல்லிச் சொல்லியே மனப்பாடம்.
அதற்கும் கீழே ஒன்று உண்டு.
அதை வாங்கியவர்கள் அச்செடுக்க வருவதில்லை.

தஸ்லீமா பேர்ணாம்பட்டிலிருந்து வருகிறவள்.
முதல் செமஸ்டர்.
ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி அறக்கட்டளை
பாதி ஃபீஸ் கட்டுகிறது.
ஆறரைக்குக் கீழே போனால் கட்டாது.
"ஆறு புள்ளி ஐந்து ஆறு வந்துகீதுக்கா,
அம்மிகிட்ட போன்ல சொல்லிட்டேன்"
என்று பேனா மூடியைக் கடித்துக்கொண்டே சிரித்தாள்.

கண்ணாடிமேல் கவிழ்க்கும் முன்
தாளை ஒருமுறை படித்துவிடுவேன். கெட்ட பழக்கம்.

கணக்குக்கு நாலு கிரெடிட், சி: இருபது.
இயற்பியல் மூன்று, பி ப்ளஸ்: இருபத்தொன்று.
வேதியியலில் பி, பதினெட்டு. பைதானும் அப்படியே.
தமிழர் மரபில் ஓ வாங்கியிருக்கிறாள்;
ஒரே கிரெடிட், பத்துக்கு மேல் தர
அதனிடமும் ஒன்றுமில்லை.
லேபில் ஏ ப்ளஸ்.
அந்த ஒன்பதை இரண்டால் பெருக்கியிருந்தாள்.

லேபுக்கு ஒன்றரைதான்.
காலையிலிருந்து நாற்பது தாள்களில் பார்த்தாயிற்று.

சொல்லாமல் விட்டிருக்கலாம்.
பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வாங்குகிறேன்,
அதில் திருத்தக் கூலி சேரவில்லை.
பின்னால் ஆறு பேர் நிற்கிறார்கள்.
மெஷின் வேறு சூடாகி
மே மாதத்து வேலூரைக் கடைக்குள் ஊதிக்கொண்டிருக்கிறது.

சொல்லிவிட்டேன்.

கால்குலேட்டரை அவள் பக்கம் திருப்பினேன்.
நூறு புள்ளி ஐந்து,
வகுத்தல் பதினைந்து புள்ளி ஐந்து.
ஆறு புள்ளி நான்கு எட்டு மூன்று எட்டு...
இன்னும் போயிற்று. அவள் படித்தது
அந்த நாலு வரைக்கும்தான்.

மறுபடி போட்டாள். மறுபடியும்.
மூன்றாம் தடவை பொத்தான்களை
வலிக்காமல் தொடுகிறவள் போல மெல்ல அழுத்தினாள்.
கூட்டுத்தொகையில் கால் புள்ளிதான் குறைவு.
குடியாத்தம் பஸ்ஸில் கண்டக்டர்
சில்லறை இல்லையென்று வைத்துக்கொள்வது
இதைவிட அதிகம்.

"இப்போ இன்னாக்கா பண்றது?"

எனக்கென்ன தெரியும்.
படிவத்தை வாங்கிப் பார்த்தேன்.
பெயர், தகப்பனார் பெயர், தோல் ஷெட் டோக்கன் எண்.
மதிப்பெண் சராசரி என்ற இடத்தில்
ஒரு கட்டம், ஒரு புள்ளி,
புள்ளிக்குப் பின்னால்
ஒரே ஒரு கட்டம்.

எவன் அச்சடித்தானோ,
இடம் போதவில்லையோ, சோம்பலோ.

"எட்டு ஐந்தைவிடப் பெரிசு.
மேலே ஏத்து" என்றேன்.
"பொய்யாகாதா?"
"ஏழாம் வகுப்புக் கணக்கு."

நெடுநேரம் பேனா கட்டத்துக்கு மேலேயே நின்றது.
பின்னாலிருந்த பையன் நாக்கைச் சப்புக்கொட்டினான்.
ஐந்தை எழுதினாள்,
வயிற்றை ரொம்பப் பெரிதாக வளைத்து.
ஏற்பார்களா என்று நான் சொல்லவில்லை,
அவளும் கேட்கவில்லை.
இரண்டு பிரதி. நாலு ரூபாய். வாங்கிக்கொண்டேன்.

அடுத்தவர் ஆஸ்பத்திரிக்கு வந்த வங்காளத்துக்காரர்.
மனைவியின் ரத்தப் பரிசோதனைத் தாளில்
ஒரு வரிமேல் விரல் வைத்து
பெரிதாக்கு என்று சைகை காட்டினார்.
எழுத்துதான் பெரிதாகும் என்றேன்.
அவருக்குத் தமிழ் தெரியாது.