மெழுகு அறையில் ஆறு மணி நேரம்

குவோப்பியோ கிளப் எனக்குக் கொடுத்தது
ஒரு சாவி, இரண்டு நாற்காலி,
மொத்தமாக ஆறு மணி நேரத்துக்கான சம்பளம்.
அலுவலகம் என்று அவர்கள் காட்டியது
பனிச்சறுக்குப் பலகைகளுக்கு மெழுகு தேய்க்கும் அறையை.
நான் யாரோடாவது பேசும்போது
ஓலாவி இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு
வெளியே போய் நிற்பதாக ஏற்பாடு.
முதல் வாரம் அவர் போகவே வேண்டியிருக்கவில்லை.

கதவில் ஒட்டினேன்: உளவியல் ஆலோசகர்.
யாரும் வரவில்லை.
மாற்றினேன்: மனத்திறன் பயிற்சி.
ஒருவன் வந்தான். திருப்புளி கேட்டான்.
இருந்தது; கொடுத்தேன்.
அதையும் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன்,
தேதி போட்டு.

எட்டாம் நாள் மின்யா ஹியெத்தலா.
பத்தொன்பது வயது. போன மார்ச்சில் விழுந்தவள்.
எலும்பு கூடிவிட்டது என்றாராம் மருத்துவர்.
எலும்புக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை.
தாவுமேடை உச்சியில், குறுக்குக் கட்டையில் உட்கார்கிறாள்,
பச்சை விளக்கு எரிகிறது,
பிடித்த கை விடமாட்டேன் என்கிறது.
விளக்கு சிவப்பாகிறது.
பின்னால் வரிசையில் நிற்கும் பொடியன்கள்
தொண்டையைச் செருமாமல் இருக்க முயல்வது
முதுகில் கேட்கிறதாம்.

படித்ததையெல்லாம் எடுத்து வைத்தேன்.
நாலு எண்ணி மூச்சை இழு, ஆறு எண்ணி விடு.
கண்ணை மூடு, பறப்பதாக நினை.
மூடினாள், நல்ல பிள்ளையாக.
திறந்து கேட்டாள்:
"நீங்கள் அங்கே உட்கார்ந்திருக்கிறீர்களா?"

நான் நீச்சல்காரி. என் பயமெல்லாம்
தண்ணீருக்கு அடியில், எட்டுத் தடத்துக்குள்.
ஏணியில் ஏறிப் பல்பு மாற்றக்கூட
பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிறவள்.
இதைச் சொல்லியிருக்கலாம்.
சொல்லாமல் கோட்டை மாட்டினேன்.

மின்தூக்கி பாதிவரைதான். பிறகு படி,
கம்பிவலைப் படி. காலடியில்
ஓட்டை ஓட்டையாக ஊர் தெரிகிறது;
உறைந்த ஏரி, அதன் நடுவில்
துளைபோட்டு மீனுக்குக் காத்திருக்கும் ஒரு மனிதப் புள்ளி.
எத்தனையாவது படி என்று நினைவில்லை,
என் கை கம்பியைப் பிடித்தது.
அவ்வளவுதான்.
கையுறைக்குள் அது வேறு யாருடைய கையோ.
நாலு எண்ணினேன். ஆறு எண்ணினேன்.
எண்கள் ஒன்றுக்கொன்று அறிமுகமில்லாமல் நின்றன.

மின்யா இரண்டு படி இறங்கி வந்தாள்.
மூச்சைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
"கட்டைவிரலை மட்டும்" என்றாள்,
"மற்ற நாலும் இருக்கட்டும்."
கட்டைவிரல் விட்டது.
"இப்போது அதைத் திரும்ப வையுங்கள்."
வைத்தேன்.
"மறுபடி."
இப்படி இருபது நிமிடம்,
பூஜ்யத்துக்குக் கீழே பதினாறு டிகிரியில்,
ஒரு விரலை விடுவதும் வைப்பதுமாக
நாங்கள் இருவர்.
பிறகு உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன்.
கீழே வந்ததும் சிரிப்பாள் என்று நினைத்தேன்.
தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் அவள் தாவவில்லை.
அடுத்த வாரமும்.
கட்டையில் உட்கார்ந்து, விரலை எடுத்து, வைத்து,
விளக்கு சிவந்ததும் எழுந்து வந்தாள்.
பயிற்சியாளர் என்னைப் பார்த்த பார்வைக்கு
என் படிப்பில் பாடம் இல்லை.
கணக்கு அனுப்பும் நாளில்
படியில் கழிந்த அந்த ஒரு மணி நேரத்தின் மேல்
பேனா வெகுநேரம் நின்றது.
யார் யாருக்குத் தர வேண்டும்?
அரை மணி என்று எழுதினேன்.

ஆறு மணி நேரமும் தீர்ந்த மறுநாள்
சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.
ஓலாவி இஸ்திரிப் பெட்டியை அணைத்தார்;
வெளியே போகவில்லை.
எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.
"ராத்திரியில் தூக்கம் வருவதில்லை" என்றார்.
"நான் விளையாட்டுக்காரன் இல்லை. பரவாயில்லையா?"

மேலே பனித்தடத்தில் பலகை உரசும் சத்தம்,
பிறகு சத்தமே இல்லாத
அந்த மூன்று நான்கு விநாடி.
யாரென்று எட்டிப் பார்க்கத்தான் ஆசை.
குறிப்பேட்டைத் திறந்து
தேதி போட்டேன்.