இரண்டாவது கார்னர்

ஆட்டப் பட்டியலில் நான் நிலார் வின்.
முதுகில் இருபத்திரண்டு.
அப்பா வைத்த பெயர் நீலாயதாட்சி.
அறிவிப்பாளரின் வாய்க்குள் அது நுழையாது,
சட்டையிலும் இடம் போதாது.

யாங்கோன், துவுன்னா மைதானம்.
மத்தியானத்திலிருந்து மழை.
கோல் வாசலில் தேங்கிய தண்ணீரைப்
பலகை வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.
விளக்குக் கம்பத்தைச் சுற்றி ஈசல்.
மேற்குப் பக்கம் மொத்தக் கூட்டமும்
ஒரு கல்யாணப் பந்தியின் முதல் வரிசைக்குக் காணாது;
அதில் பாதிப்பேர் எங்கள் பஸ்ஸில் வந்தவர்கள்.
ஆனாலும் இது ஆசியா.
பந்தின்மேல் அப்படித்தான் அச்சடித்திருந்தது.

தாஷ்கண்ட்காரிகளிடம் ஞாயிறன்று நாலு வாங்கினோம்.
அதில்தான் பெரிய கீப்பரின் சுண்டுவிரல் முறிந்தது.
அதனால்தான் நான்.
இன்றைக்கு இந்தியாவிலிருந்து வந்த கிளப்.
கணக்குப்படி சமன் செய்தால் போதும்.

எங்கள் வீட்டில் தமிழ் என்பது
கதவைச் சாத்திய பிறகு.
அம்மா சீட்டுப்பணம் எண்ணுவது அதில்,
அக்கா புருஷனோடு சண்டை பிடிப்பது அதில்.
பந்து மட்டும் முழுக்கப் பர்மியம்.
"பிடி" என்று இதுவரை
ஒருத்தரும் எனக்குத் தமிழில் கத்தியதில்லை.

எழுபத்தோராவது நிமிடம். முதல் கார்னர்.
என் முழங்கையை ஒட்டி அவர்களுடைய பதினொன்று,
கறுத்த குட்டைப் பெண், முழங்காலில் பழைய தையல்.
கொடியருகே நின்றவளைப் பார்த்து
வாயைக்கூட மறைக்காமல்,
"ஏ சொர்ணம், கிட்டக்கப் போடாத,
பின்னாடி போடு, நான் வரேன்."

யாருக்குப் புரியப்போகுது என்ற தைரியம்.

பின்னாடி.
அது காதில் தங்கவேயில்லை,
நேரே காலுக்கு இறங்கிவிட்டது.
பந்து எழும்புமுன்னே இரண்டடி பின்வாங்கியிருந்தேன்.
ஈரப் பந்து. இரண்டு கையும் சேர்த்து நெஞ்சோடு.
அவள் தலை வெறுங்காற்றை முட்ட,
இருவரும் சேற்றில்.

கோட்டுக்கு வெளியே எங்கள் கோச், டோ எய் மூ,
குடையைத் தூக்கித் தூக்கி ஆட்டினார்.
நல்ல கணிப்பு என்று நினைத்திருப்பார்.
கணிப்பா?
ஒட்டுக்கேட்டேன்.

ஒரு கையில் பந்து, மறு கையை அவளுக்கு நீட்டினேன்.
"பாத்து," என்றேன்.
வழுக்குகிற தரை. வாய் கொடுத்த சொல்.

அவள் கையைப் பிடித்தபடி அப்படியே இருந்தாள்.
என் கன்னத்தில் மழை பாதி கரைத்த தனாக்காவைப் பார்த்தாள்.
"தமிழா?"

கீப்பர் கையில் பந்து சில நொடிதான் இருக்கலாம்.
ஆமா என்று சொல்ல எத்தனை நொடி?
ஓங்கி உதைத்துப் பந்தை அனுப்பிவிட்டுத்
தலையை மட்டும் ஆட்டினேன்.
அது எந்த ஊர்த் தலையாட்டல் என்று
அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எண்பத்தாறு. மறுபடி கார்னர்.
அவள் சொர்ணத்தைப் பார்த்தாள். அப்புறம் என்னை.
வாயைத் திறக்கவில்லை.
இடுப்புக்குப் பின்னால் இரண்டு விரல்,
அவ்வளவுதான்.

சொல்லேன், என்று நின்றுகொண்டிருந்தேன்.
எதையாவது. திட்டினால்கூடப் பரவாயில்லை.
பந்து வந்தது,
கிட்டக்க, தாழ்வாக,
யாரோ ஒருத்தியின் கணுக்காலில் பட்டுத் திரும்பி.
வலை தன் தண்ணீரையெல்லாம் என்மேல் உதறியது.

கடைசி விசிலுக்குப் பிறகு வரிசையாகக் கைகுலுக்கல்.
அவள் முறை வந்தபோது கேட்டேன்:
"ரெண்டு விரல்னா என்ன?"
பல் தெரியச் சிரித்தாள்.
"ஆசயப் பாரு. அடுத்த வருசம் வா, சொல்றேன்."
நாங்கள் வெளியேறிவிட்டதை ஒலிபெருக்கி
பர்மியத்தில் இரண்டு முறை சொல்லிக்கொண்டிருந்தது.

கையுறையைக் கழற்றாமல் குலுக்கிவிட்டேன் என்பது
பஸ் கிளம்பி, பாலம் தாண்டி,
பக்கத்து இருக்கைக்காரி தூங்கிப்போன பிறகுதான்
உறைத்தது.