கொம்பு

செந்தூல், முதலாம் ஆண்டு.
மொத்தம் பதினொரு பேர்.
வெண்பலகையில் 'கொடி' என்று எழுதினேன்.

யுகேந்தினி எழுந்தாள்.
"கொம்பு முன்னாலதானே நிக்குது டீச்சர்,
அப்புறம் ஏன் 'க்' முதல்ல வருது?"

பயிற்சிக் கல்லூரியில்
இதற்கு விடை தரவில்லை.
"கொம்புக்கு அவசரம்" என்று சமாளித்தேன்.
ஜன்னலுக்குப் பின்னால் எல்ஆர்டி.
அது போய்த் தொலையும்வரை
வழக்கம்போல் எல்லா வாயும் மூடியிருந்தது.

அவள் விரல் மட்டும் நகர்ந்தது:
கொம்பைத் தாண்டி
ககரத்தைத் தொட்டு
திரும்பி வந்து கொம்பைக் கூட்டிக்கொண்டு
காலையும் இழுத்துக்கொண்டு
"கொ."

அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.
ஓய்வு மணி.
வெளியே கம்பத்தில்
முழுச்சொல்லும் மழையில் நனைந்து தொங்கியது.

"'டி' நாளைக்கு டீச்சர்" என்றாள்,
நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தபடி.