முப்பத்தொன்று

டிசம்பரில் நாற்பத்தாறு.
ஜனவரிக் கடைசியில் முப்பத்தொன்று.
அதற்கப்புறம் நகரவில்லை.
அலுவலகப் பெண் ஒவ்வொரு தடவையும்
அதே மரியாதையோடு சொல்கிறாள்:
"பட்டியலில் இருக்கிறீர்கள், மிஸ் படையாச்சி."
இருக்கிறேன் என்று எனக்கும் தெரியும்.
போன வருஷமும் இருந்தேன்.

சாட்ஸ்வர்த் ஏழாம் யூனிட்டில்
எங்கள் தெரு முன்கூட்டியே பட்டம் கொடுத்துவிட்டது.
காவடியன்று கோவில் வாசலில்
மிஸஸ் மூனுசாமி முழங்காலை நீட்டி
"டாக்டர், இது என்ன வீக்கம்?" என்றார்.
தலையில் பால்குடம் இருந்ததால்
பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

பகலெல்லாம் மருந்துக் கடையில், இரண்டாம் கல்லா.
டாக்டர்களின் கிறுக்கலை
எழுத்து எழுத்தாகப் படிப்பேன்.
கிறுக்கத்தான் வாய்க்கவில்லை.

அங்கேதான் நோக்வாண்டா வந்தாள்,
உம்லாசியிலிருந்து, அம்மாவின் இன்சுலினுக்கு.
நுழைவுத் தேர்வில் எனக்கு முன் பெஞ்சு,
அந்தப் பின்கழுத்து மச்சம் நினைவிருந்தது.
"நீ எத்தனை?" என்றாள், வயதைக் கேட்பதுபோல.
"முப்பத்தொன்று."
சிரித்துவிட்டாள். "நான் முப்பது."
இன்சுலினை ஐஸ் வைத்துக் கட்டினேன்.
இவள் விலகினால் எனக்கு ஒரு படி.
அந்தக் கணக்கை நான் போடவில்லை.
தானாக விழுந்தது,
கல்லாவில் பாக்கிச் சில்லறை விழுவதுபோல.

அன்று ராத்திரி வெக்கை.
ஃபேன் சுற்றுவதற்கும் மின்வெட்டு.
முப்பது பேருக்கும் ஏதாவது ஆகவேண்டும்:
ஒருவனுக்குக் கேப் டவுனில் இடம் கிடைக்கவேண்டும்,
ஒருத்திக்குக் காதல் முற்றவேண்டும்,
ஒருத்தியின் அப்பாவுக்கு வேலை போகவேண்டும்,
ஒருவன் ரத்தம் பார்த்து மயங்கி விழவேண்டும்.
உயிர் காக்கும் படிப்புக்காக
முப்பது பேர் தொலையட்டும் என்று
வேண்டிக்கொண்டு கிடக்கிறேன்,
கையைக் கூப்பாமல்.

ஃப்ரிட்ஜ் கதவில் ஒரே காந்தத்தின் கீழ் இரண்டு தாள்.
இடம் வந்தால் அன்றே கட்டவேண்டிய முன்பணம், ஒன்று.
கணக்குப் பேப்பரை மறுபடி எழுத,
ட்யூஷனோடு சேர்த்து, மற்றது.
வெள்ளிக்கிழமை கடைசி நாள்.
கைச்சேமிப்பு ஒன்றுக்குத்தான் காணும்.
அப்பா பஸ் டிப்போவிலிருந்து வந்து
தண்ணீர் எடுக்கத் திறக்கிறபோதெல்லாம்
இரண்டையும் படிக்கிறார்,
கதவை மெதுவாகச் சாத்துகிறார்.
எதையும் சொல்லாத மனிதருக்கு
எத்தனை தடவை தாகம்!

மதில்மேல் பூனை என்பார்கள்.
எங்கள் மதிலில் குரங்கு.
புதன் சாயங்காலம் அவகாடோ மரத்தில் தாவி
ஒன்றைப் பறித்தது, கடித்தது,
மூஞ்சியைச் சுளித்து என் காலடியில் எறிந்தது,
யோசிக்காமல் அடுத்ததைப் பறித்தது.
இலவு காத்த கிளியைப் பற்றி
எனக்கும் பள்ளியில் சொல்லித் தந்தார்கள்.
இது வேறு மரம்.
அவகாடோ கிளையில் பழுக்காது.
எத்தனை மாதம் தொங்கினாலும் கல்.
பறித்துவிட்டால்தான்
உள்ளே ஏதோ தொடங்கும்.
கடிபட்டதைக் கழுவி
ஜன்னலோரம் வைத்தேன்.
இளகுமா, அழுகுமா, தெரியாது.

வியாழக்கிழமை மதிய இடைவேளையில்
மறுதேர்வுக்குப் பணம் கட்டினேன்.
ரசீதை மடித்தேன், பிரித்தேன், மடித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை நோக்வாண்டாவின் செய்தி:
"நர்ஸிங்குக்குப் போகிறேன். பெயரை எடுத்துவிட்டேன்.
இனி நீதான் முப்பது."
கல்லாவுக்கு முன் ஏழு பேர் வரிசை.
முதல் ஆள் இருமிக்கொண்டிருந்தார்.
"அம்மாவுக்கு எப்படி?" என்று கேட்டு அனுப்பினேன்.
அதைத்தான் முதலிலேயே கேட்டிருக்கவேண்டும்.

பட்டியலில் பெயர் இருக்கட்டும்.
நான் அங்கே இல்லை.

ராத்திரி படிவத்தை நிரப்பினேன்.
'இதற்குமுன் எழுதியதுண்டா?'
உண்டு.
'எத்தனை முறை?'
இரண்டு.
பெட்டியில் ஒரே ஒரு இலக்கத்துக்குத்தான் இடம்.
இன்னும் ஏழு மிச்சம்.