நாற்பத்தொரு எட்டு

தேவகோட்டையில் இந்த வீட்டில் ஓர் ஓடு மாற்ற
முப்பத்திரண்டு கையெழுத்து வேண்டும்.
ஒருவர் பினாங்கில்,
ஒருவர் நினைவு தப்பி ஆஸ்பத்திரியில்,
இருவர் பேசிக்கொள்வதில்லை.
அதனால் ஒழுகுகிறது.
ஒழுகியபடியே நிற்கிறது, நூறு வருஷமாய்.
எங்கள் புள்ளிக்கு ஓர் அறை,
சாமான் அறையில் பாதி,
அப்புறம் ஒரு வழக்கு.

தொண்டிக்குத் தெற்கே இருந்த அந்தக் குடிலுக்குப்
பத்திரமே கிடையாது.
பனமட்டைச் சுவர், கீற்றுக் கூரை.
கதவு மட்டும் தேக்கு.
காரைக்குடியில் யார் வீட்டையோ இடித்தபோது
எடை போட்டு வாங்கியதாம்.
திறந்தால் சுவரும் கூடவே வரும்.

கல்யாணமாகி ஏழாம் மாதம்
பாகப்பிரிவினைப் பேச்சு முற்றிய வாரம்
டவுன் பஸ் ஏறிப் போனோம்.
ஓடிப்போனோம் என்றும் சொல்லலாம்.
ஒன்பது நாள்.
மூன்று செங்கல்லில் அடுப்பு,
தீப்பெட்டியில் உப்பு,
ஓரா மீனின் முள் குத்தி வீங்கிய என் கட்டைவிரலை
அடைக்கப்பன் தன் காதோடு வைத்துக்கொண்டு
"உள்ளே கடல் கேக்குது" என்றான்.
அவன் அப்படியெல்லாம் பேசுகிறவன் இல்லை.

குடிலுக்காரர் சூசையருள்
வாசலிலிருந்து தண்ணீர் வரை
காலையில் எட்டு வைத்து எண்ணுவார்.
நாற்பத்தொன்று.
ஆட்டின் பல்லைப் பார்ப்பவர் மாதிரி முகம்.
"இது பொம்பளக் கடல்மா, அலை கெடையாது" என்றார்.
அப்புறம் ஏன் எண்ணுகிறீர்கள் என்றேன்.
"ஆம்பளக் கடலு அறைஞ்சு எடுக்கும்.
இது நக்கி நக்கியே எடுக்கும்."

அடுத்த தையில் இருபத்தாறு.
அதற்கடுத்த முறை ஒன்பது;
அன்று நாங்கள் தங்கவில்லை,
டீ மட்டும் குடித்தோம்.

பிறகு போனில்தான்.
"சமையக்கட்டு போயிருச்சும்மா."
"கூரை எறங்கிருச்சும்மா."
"கதவு மட்டும் நிக்குதும்மா."
நிலையோடு, பூட்டியபடி,
முன்னாலும் தண்ணீர் பின்னாலும் தண்ணீராக
மூன்று நாள் நின்றதாம்.
நாலாம் நாள் அவரே பெயர்த்து
மறுபடி எடைக்குப் போட்டுவிட்டார்.
முன்னைவிடக் கனமாம், உப்பு ஏறி.

யாரிடமும் கையெழுத்து வாங்கவில்லை கடல்.

இப்போது எங்களுக்குள் வேறு வழக்கு.
கிழக்கே ஒரு சன்னல் இருந்தது என்கிறான்.
சன்னலே கிடையாது,
மட்டை இடுக்கில் விழுந்த வெளிச்சம் அது என்கிறேன்.
ஒன்பது நாளா பதினோரு நாளா?
முள் குத்தியது எனக்கா அவனுக்கா?
போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றால்
பார்ப்பதற்கு அங்கே
படகு கட்டும் ஆழம்.

நேற்று ராத்திரி கரண்ட் போனது.
அவன் தூங்கிவிட்டான்.
எங்கள் அறை வாசலில் நின்று
ஒன்று என்று ஆரம்பித்தேன்.
வளவைச் சுற்றி,
பேசிக்கொள்ளாத இருவரின் கதவுகளைத் தாண்டி,
இரண்டாங்கட்டில் இறங்கி,
ஒழுகும் இடத்துக்கு வைத்த அண்டாவில் இடித்துக்கொண்டு,
முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது,
பினாங்குக்காரர் பூட்டிப்போன அறை வரை.

தரை காய்ந்துதான் இருந்தது.
என்றாலும்
நாற்பதாவது எட்டில்
சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டேன்.